ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு?

(நமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் பேசியது. அன்று நேரம் போதாமல் விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்து எழுதித் தந்திருக்கிறேன். மைக் இரண்டு முறை நின்றுபோனதால் சரியாகக் கேட்காதவர்கள் இங்கே படித்துக்கொள்ளலாம்.)



"காற்று மாசும் குழந்தைகளும்" என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த வேலை இரண்டுதான். ஒன்று எண்ணுவது. இன்னொன்று எண்ணியதைத் தேதி போட்டு எழுதி வைப்பது. அதனால் எண்ணுவதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன மார்கழியில் என் பேரனுக்குச் சளி பிடித்தது. அப்போது அவனுக்கு இரண்டே கால் வயது. மூக்கு ஒழுகல், லேசான காய்ச்சல். "பனிக்காலம், எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறதுதானே" என்று சொன்னது நான்தான். என் மனைவி கற்பூரவல்லி இலையை வதக்கிச் சாறு பிழிந்து கொடுத்தார். வெந்நீரில் துடைத்துவிட்டுச் சாம்பிராணியும் போட்டார். இரண்டாம் நாள் ராத்திரி மருமகள் வந்து, "மாமா, இவன் மூச்சு வாங்குறது ஒரு மாதிரி இருக்கு, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றாள். போய்ப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தான். "தூங்குற பிள்ளையை ஏம்மா எழுப்பணும், காலையில பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

காலையில் பார்த்தால் அவன் ஒவ்வொரு மூச்சை இழுக்கும்போதும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறது. தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை. ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடினோம். நிமோனியா. நான்கு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா என்னைத் திட்டவெல்லாம் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நேத்து ராத்திரி ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விட்டான்னு யாராவது எண்ணிப் பார்த்தீங்களா?" ஆயுள் முழுக்க ரூபாய் நோட்டை எண்ணியவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். தயவுசெய்து செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது, தூங்கும்போது என்றால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிறும் மார்பும் ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழுதாக 60 வினாடி எண்ண வேண்டும். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குகிற வேலை வேண்டாம், சின்னக் குழந்தைகளுக்கு மூச்சு சீராக வராது. அழும்போதும், பால் குடித்த கையோடும் எண்ணாதீர்கள். பிறந்து இரண்டு மாதம் ஆகாத சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. இருமலோ சளியோ இருக்கும் குழந்தைக்கு இந்த எண்ணிக்கை வந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், குடிக்க முடியாமல் போனாலும், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலும், வலிப்பு வந்தாலும் எண்ணிக்கொண்டுகூட இருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இது உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு. ஸ்டெதஸ்கோப்பும் எக்ஸ்ரேயும் இல்லாத ஊரில் ஒரு சுகாதாரப் பணியாளர் கைக்கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. நம் வீட்டில் ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் கடிகாரம் இருக்கிறது. என் வீட்டில் அன்று அதை எடுத்துப் பார்க்க ஆள் இல்லை.

என் பேரனுக்கு நிமோனியா வந்தது புகையால்தான் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது தப்புக் கணக்கு. நிமோனியா கிருமியால் வருவது. ஆனால் புகையும் நுண்தூசியும் மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்கி, கிருமியை வெளியே தள்ளுகிற இயற்கையான காவலைத் தளர்த்திவிடுகின்றன. காவல்காரன் தூங்கினால் திருடன் வருவதற்கு என்ன கஷ்டம்? அதிலும் குழந்தையின் மூச்சுக்குழாய் மெல்லியது. நமக்கு லேசான தொண்டைக் கரகரப்பாகப் போவது அதற்கு மூச்சே அடைக்கிற வீக்கமாகிவிடும். உடல் எடைக்குக் கணக்குப் பார்த்தால் கைக்குழந்தை நம்மைப்போல் இரண்டு மடங்கு காற்றை இழுக்கிறது. ஒரே அறையில், ஒரே புகையில் தாத்தாவும் பேரனும் உட்கார்ந்திருந்தால் இருவருக்கும் கிடைக்கும் பங்கு ஒன்றல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. நுரையீரல் பிறக்கும்போதே முழுதாக வளர்ந்து வருவதில்லை. காற்றறைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகுதான் உண்டாகிறது. அதன் திறன் இருபது வயதையொட்டி உச்சத்துக்கு வந்து, பிறகு மெல்ல மெல்லக் குறைகிறது. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் இது ஒரு ரெக்கரிங் டெபாசிட். இருபது வருடம் தவணை கட்டுகிறோம், மிச்ச ஆயுளுக்கு அதை எடுத்துச் செலவு செய்கிறோம். வங்கியிலாவது விட்டுப்போன தவணையை அபராதம் கட்டிச் சேர்த்துவிடலாம்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியாவின் 12 ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளை 10 வயதிலிருந்து 18 வயது வரை ஆண்டுதோறும் ஊதச் சொல்லி அளந்தார்கள். 2004-இல் முடிவு வெளிவந்தது. காற்று சுத்தமாக இருந்த ஊரில் 18 வயதில் நுரையீரல் திறன் ரொம்பக் குறைந்திருந்த பிள்ளைகள் 100-க்கு 1.6 பேர். நுண்தூசி அதிகமான ஊரில் 7.9 பேர். ஏறத்தாழ ஐந்து மடங்கு. நல்ல செய்தியும் அங்கிருந்தே வந்தது. வண்டிகளுக்கும் ஆலைகளுக்கும் கட்டுப்பாடு போட்டு அங்கே காற்றைச் சுத்தமாக்கினார்கள். பின்னால் வந்த தலைமுறைப் பிள்ளைகளை அதேபோல 15 வயதில் அளந்தபோது, அந்த ஊர்களில் திறன் குறைந்த பிள்ளைகள் 7.9-இலிருந்து 3.6 சதவீதமாக இறங்கியிருந்தார்கள். அது 2015-இல் வந்த முடிவு.

இனி நம் ஊருக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என்ன இருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய இரும்பை உருக்குகிற ஆலைகள், ரோலிங் மில்கள், வார்ப்பு ஆலைகள், ரசாயனம், பழைய பேட்டரியை உருக்கிக் காரீயம் எடுக்கும் ஆலைகள், பழைய டயரைச் சூடாக்கி எண்ணெய் இறக்கும் ஆலைகள். தெற்கே போனால் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி அனல்மின் நிலையங்கள். நடுவே கொல்கத்தா நெடுஞ்சாலையில் ராப்பகலாக லாரி. இத்தனையும் ஒரே திருவள்ளூர் மாவட்டத்துக்குள். சிப்காட் சுவரை ஒட்டியே ஊர்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. ஆலைக்கு அருகில் ஊர் வந்ததா, ஊருக்கு அருகில் ஆலை வந்ததா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இரண்டும் நடந்தது.

காற்றை அளக்க மாசு கட்டுப்பாட்டு வாரியம் அந்தோணி பிள்ளை நகரில் ஒரு தானியங்கிக் கருவி வைத்திருக்கிறது. அந்த அளவு மத்திய வாரியத்தின் 'சமீர்' என்ற செயலியில் வருகிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? கூட்டத்தில் கை தூக்கச் சொன்னேன், மூன்று கை தூக்கியது, அதில் ஒன்று என் மருமகளுடையது.

ஆனால் அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். அதில் காட்டும் காற்றுத் தரக் குறியீடு, நுண்தூசியைப் பொறுத்தவரை, 24 மணி நேரச் சராசரி. வங்கியில் சராசரி இருப்பு என்று ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியும். மாதத்தில் நாலு நாள் கணக்கில் பத்துப் பைசா இல்லாவிட்டாலும் மற்ற நாளில் நிறையப் போட்டு வைத்தால் சராசரி சரியாகிவிடும். இதுவும் அப்படித்தான். பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். பி.எம். 2.5 என்கிற நுண்தூசி, அதாவது தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் அடியில் இருக்கிற தூசி, 20 மணி நேரம் கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் இருக்கிறது. நள்ளிரவு 12-லிருந்து 4 வரை 200-க்கு ஏறுகிறது. கூட்டி 24-ஆல் வகுத்தால் 67 கூட வராது. செயலியில் மஞ்சள் நிறத்தில் 'மிதமானது' என்று காட்டும். ஆனால் அந்த நாலு மணி நேரம் ஜன்னலோரம் படுத்திருந்த குழந்தை சராசரியைச் சுவாசிக்கவில்லை, 200-ஐத்தான் சுவாசித்தது.

அந்த 'மிதமானது' என்ற சொல்லையும் நம்பிவிடாதீர்கள். 101 முதல் 200 வரை மிதமானது. ஆஸ்துமா போன்ற நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலும், குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் உபாதையும் வரலாம் என்று வாரியமே அதற்கு விளக்கம் எழுதியிருக்கிறது. நம் நாட்டில் 2009-இல் வகுத்த தரத்தின்படி பி.எம். 2.5 ஆண்டுச் சராசரி 40 வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 5. எட்டு மடங்கு வித்தியாசம். நாம் 'பாஸ்' என்று சொல்லிக்கொள்கிற மார்க் அங்கே ஃபெயில்.

ராத்திரியில் ஏன் அதிகம்? எல்லாப் பழியையும் ஆலை மேல் போட முடியாது. குளிர்காலத்தில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், தரையை ஒட்டிய காற்று கனமாகி அப்படியே தேங்கும், மேலே இருக்கிற வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். புகை மேலே போக வழியில்லை. மார்கழி, தை மாத விடியற்காலையில் கோலம் போட வெளியே வருகிற பெண்களுக்கு அந்த வாசனை தெரியும். அதோடு, ராத்திரியில் பார்க்க ஆள் கிடையாது என்பதும் உண்டு.

இதை எனக்கு விளக்கியது என் மகன். அவன் சிப்காட்டில் ஒரு உருக்காலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறான். அதை மறைத்துவிட்டு உங்கள் முன்னால் நான் பேச முடியாது. உலையில் போடும் பழைய இரும்பில் பெயிண்ட் இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதுதான் கரும்புகை. உலைக்கு மேல் ஒரு மூடி வைத்துப் புகையை உறிஞ்சி, பெரிய துணிப்பைகள் வழியாக வடிகட்டி, பிறகு புகைபோக்கியில் விட வேண்டும். பை கிழிந்தால் மாற்ற வேண்டும், உறிஞ்சுகிற மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் நிறையச் செலவாகும். மூடியை நகர்த்திவிட்டு இரும்பைக் கொட்டினால் வேலை சீக்கிரம் முடியும், புகை கூரை வழியாக வெளியே போகும். "மெஷின் இருக்குப்பா, ஓட்டுறது இல்லாதது வேற விஷயம்" என்றான். எந்த ஆலை என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நான் பி.காம்.மில் படித்த ஒரு விஷயம் அப்போது ஞாபகம் வந்தது. செலவு மறைந்துபோவதில்லை, வேறு யாராவது ஒருவர் கணக்கில் ஏறும். ஆலையின் மின்கட்டணத்தில் குறைந்த தொகை என் வீட்டு மருந்துக்கடை பில்லில் ஏறினால், அந்த ஆலையின் லாப நஷ்டக் கணக்கு சரியானது என்று எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? போடுகிறார்கள், அது வேறு.

"ஆலைப் புகையால்தான் பிள்ளைகள் நோயில் விழுகிறார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று போன கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஒரு பள்ளத்தாக்கு, சுற்றிலும் மலை, நடுவே ஜெனீவா ஸ்டீல் என்கிற பெரிய உருக்காலை. தொழிலாளர் தகராறில் 1986 ஆகஸ்டில் ஆலை நின்றது, 1987 செப்டம்பரில் மறுபடி ஓடத் தொடங்கியது. நடுவே 13 மாதம் புகை இல்லை. ஆர்டன் போப் என்ற ஒருவர் உள்ளூர் மருத்துவமனைகளின் அனுமதிப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, மூச்சுக் கோளாறோடு சேர்க்கப்பட்ட குழந்தைகளை எண்ணினார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் சேர்ந்த குழந்தைகள், ஆலை நின்ற குளிர்காலத்தைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு. அதே ஊர், அதே குளிர், அதே குழந்தைகள். 1989-இல் இதை வெளியிட்டார். எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், இந்தப் போப் டாக்டர் இல்லை. பொருளாதாரப் பேராசிரியர். நம்ம ஜாதி, கணக்கெழுதுகிற ஜாதி.

"அது அமெரிக்கா, இங்கே யார் எண்ணினார்கள்?" என்று கேட்கலாம். எண்ணியிருக்கிறார்கள். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு, ஐ.சி.எம்.ஆர். ஆதரவோடு, 2010-க்குப் பிறகு தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் நகர்ப்புறச் சுகாதார மையங்களுக்கும் வந்த கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் சுவாசித்த நுண்தூசியைக் கணக்கிட்டு, பிறந்த பிள்ளையின் எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. மொத்தம் 1,285 தாய்மார்கள். 2018-இல் வந்த முடிவு இது: கர்ப்ப காலத்தில் நுண்தூசி 10 மைக்ரோகிராம் கூடினால் பிள்ளையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது.

வெறும் 4 கிராமா என்று சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தேன். 10-க்கு 4 என்றால் 50-க்கு 20. எல்லாப் பிள்ளைக்கும் எடை கொஞ்சம் கீழே நகர்ந்தால், இரண்டரைக் கிலோ என்ற கோட்டின் மேல் தத்தளித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கோட்டுக்குக் கீழே விழுந்துவிடுகிறார்கள். மினிமம் பேலன்ஸ் மாதிரி. அந்தக் கோட்டுக்குக் கீழே பிறக்கும் பிள்ளைதான் சளிக்கும் காய்ச்சலுக்கும் முதலில் மாட்டுவது. ஆக, நம் தெருவில் புகையைச் சுவாசிக்கிற வயதின் தொடக்கம் பிறந்த நாள் அல்ல, அதற்கும் முன்னால்.

எனக்கு ஒத்துவராத ஒரு கணக்கையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் புத்தகத்தைத் திருத்தியவன் ஆவேன். இதே குழுவினர் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும், வேறு குழுவினர் குவாதமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலுமாக, விறகடுப்பில் சமைக்கும் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த புகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் பிள்ளைகளின் பிறப்பு எடை பெரிதாகக் கூடவில்லை, முதல் வருடத்தில் கடும் நிமோனியாவும் குறையவில்லை. படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதிலிருந்து புகை கெடுதல் இல்லை என்று ஆகாது. உலகத்தில் 2021-ஆம் ஆண்டு மட்டும் ஐந்து வயதுக்கு உட்பட்ட 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவுக்குக் காற்று மாசோடு தொடர்பு இருந்ததாகவும், அதில் 5 லட்சம் சமையல் புகையோடு தொடர்புள்ளது என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: ஒரு வாசலை மட்டும் சாத்தினால் போதாது. அடுப்பை மாற்றிவிட்டு, தெருவில் குப்பையைக் கொளுத்தினால்?

இப்போதுதான் நான் வர வேண்டிய இடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கசக்கும்.

நம் பூங்காவின் கிழக்கு மூலையில், அங்கன்வாடியின் சுவரை ஒட்டி, தினமும் காலை ஏழு மணிக்குச் சருகும் பிளாஸ்டிக்கும் எரிகிறது. எரிப்பது யார்? நாம் சம்பளம் கொடுக்கும் துப்புரவு அம்மா. அவர் மேல் தப்பில்லை. நான் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தபோதுதான், குப்பை வண்டி வராத நாளில் எரித்துவிடுங்கள் என்று முடிவெடுத்தோம். மினிட்ஸ் புத்தகத்தில் என் கையெழுத்து இருக்கிறது. ஒன்பது மணிக்கு அங்கே பிள்ளைகள் வருகிறார்கள். ஆலைக்காரன் ராத்திரியில் செய்வதை நாம் பகலிலேயே செய்கிறோம்.

வீட்டுக்குள்ளும் பாருங்கள். கொசுவர்த்திச் சுருள் ஒன்று முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அதைத் தொட்டில் காலடியில் வைக்கிறோம். கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணி விஷயத்தில் என் வீட்டில் இன்னும் சமாதானம் ஆகவில்லை. "எங்க அம்மா போட்டாங்க, எங்க பாட்டி போட்டாங்க, நாங்கெல்லாம் செத்தா போயிட்டோம்" என்கிறார் என் மனைவி. பூஜை அறையில் போடட்டும், பிள்ளை தலைமாட்டில் வேண்டாம் என்ற அளவில் இப்போதைக்கு ஒப்பந்தம். போகி வருகிறது. 2018 போகி அன்று புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானம் இறங்க முடியாமல் போனது நினைவிருக்கும். டயர் கொளுத்துகிற வழக்கம் நம் பாட்டன் காலத்தில் இருந்திருக்க முடியாது, டயரே இல்லையே.

மருந்து விஷயத்தில் இரண்டே இரண்டு. நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி. தடுப்பூசி 2021 ஜூலையிலிருந்து நம் மாநிலத்து அரசு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் இலவசம். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாம் மாதம். விடாமல் போடுங்கள். வீசிங் உள்ள பிள்ளைக்கு டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால், பழக்கமாகிவிடும் என்று பயந்து பீரோவில் வைக்காதீர்கள். மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் அளவு குறைவாகவே போதும் என்று எனக்கு விளக்கினார்கள்.

ஆலைகளைப் பற்றி என்ன செய்வது? மூடச் சொல்லி ஊர்வலம் போக நான் கூப்பிடவில்லை. மூடினால் என் வீட்டிலேயே ஒரு சம்பளம் நிற்கும். இந்த நகரில் பாதி வீட்டு வாடகை சிப்காட்டில் இருந்துதான் வருகிறது. பூங்காவில் நாம் உட்காரும் சிமெண்ட் பெஞ்சுகளே ஓர் ஆலையின் நன்கொடை. "அவங்க காசுல உட்கார்ந்துக்கிட்டு அவங்க மேலயே புகாரா சார்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை என்பதால் பதில் எழுதுகிறேன். வங்கியில் எனக்குத் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்த வாடிக்கையாளர்கள் உண்டு. அதற்காக அவர்கள் செக்கில் கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் நான் பணம் கொடுத்துவிடவில்லை. 1981-ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டப்படி ஒவ்வோர் ஆலைக்கும் வாரியம் இசைவாணை கொடுக்கும்போது என்னென்ன வடிகட்டி வைக்க வேண்டும், எவ்வளவு வரை புகை விடலாம் என்று நிபந்தனை எழுதித்தான் கொடுக்கிறது. ஆலைக்காரர் ஒப்புக்கொண்ட நிபந்தனைதான். அதை ராத்திரி இரண்டு மணிக்கும் கடைப்பிடியுங்கள் என்று கேட்பது பகையல்ல. அந்த நிபந்தனைகளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். மனுவை நானே எழுதித் தருகிறேன், பத்து ரூபாய் என் செலவு.

புகார் செய்வதிலும் ஒரு முறை இருக்கிறது. "எப்பப் பார்த்தாலும் ஒரே புகை சார்" என்று சொன்னால் எந்த அதிகாரியும் ஒன்றும் செய்ய முடியாது. தேதி, மணி, எத்தனை நேரம் நீடித்தது, காற்று எந்தத் திசையிலிருந்து, புகை என்ன நிறம், என்ன வாடை, அன்று செயலி காட்டிய எண். இப்படி மூன்று மாதம் எழுதினால் அது புகார் இல்லை, ஆவணம். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும், முதல்வரின் உதவி எண் 1100-க்கும் சொல்லும்போது நம் கையில் அது இருக்க வேண்டும். அதே பதிவேட்டில் இன்னொரு பத்தி இருக்கும். எந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகளுக்கு அந்த வாரம் இளைப்போ நெபுலைசரோ என்று, பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும். யூட்டாவில் பதிவேடு இருந்ததால்தான் போப் எண்ண முடிந்தது.

கூட்டத்தில் இரண்டு தீர்மானம் வைத்தேன். குப்பை எரிப்பதை அன்றோடு நிறுத்துவது, சருகுக்குப் பூங்காவிலேயே உரக்குழி வெட்டுவது என்பது முதலாவது. ஒருமனதாக நிறைவேறியது. பதிவேட்டை மூன்று மாதம் கழித்துச் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் வாரியத்துக்கு அனுப்புவது இரண்டாவது. அதற்கு 19 பேர் ஆதரவு, 14 பேர் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். தலைவர் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார். அந்த 14 பேரில் என் மகனும் ஒருவன். அவன் பயம் எனக்குப் புரிகிறது, வீட்டில் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

எழுதுவதற்குத் தீர்மானம் தேவையில்லை. 200 பக்க நீள நோட்டு ஒன்று கேட் அறையில் வைத்திருக்கிறேன், பத்திகள் கோடு போட்டாகிவிட்டது. வாட்ச்மேன் அண்ணன் ராத்திரி ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் தானாகவே எழுதிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் பதிவும் அவருடையதுதான். மற்றவர்கள் எந்த நேரமும் வந்து எழுதலாம். பேனாவை நூலில் கட்டித்தான் வைத்திருக்கிறேன், பழைய பழக்கம், தப்பாக நினைக்காதீர்கள்.